ஜன்னலோர இடம்

கோவில்பட்டிக்காரி செண்பகவல்லிக்குச் சென்னையில் அன்றுதான் இன்டர்ன்ஷிப்பின் முதல் நாள். ஆனாலும் தாம்பரம் ஸ்டேஷனில் அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களின் வழிநினைவை எடுத்து, புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றிவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். இரண்டு நாள் முன்பே அவளுக்கு ஏற்றியது பெனிட்டா என்பவளுடையது. கால்கள் தாமாகவே பெண்கள் பெட்டியில் ஏறின.

உள்ளே எல்லா முகமும் அவளுக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அவளைத்தான் யாருக்கும் தெரியவில்லை. காலியாக இருந்த ஜன்னலோர இடத்தில் உட்காரப் போனவளைப் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா தடுத்தாள்.

"அது எங்க பெனிட்டா இடம்மா. நேத்து வரல, இன்னிக்கு வந்துருவா. நீ அப்படித் தள்ளி நில்லு."

சொல்லிவிட்டு, பெனிட்டாவுக்கென்று ஒரு முழத்தை நறுக்கித் தனியே வைத்தாள். செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. மூன்று வருடம் காலேஜ் பஸ்ஸில் போயிருக்கிறாள். ஒருநாள்கூட அவளுக்காக யாரும் பையை வைத்து இடம் பிடித்ததில்லை.

அலுவலக வாசலில் ஒரு பெண் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சரிங்க பெனிட்டா, கெளம்பலாம்" என்றார் செக்யூரிட்டி. அவள் நாலு அடி நடந்து, திகைத்து நின்று, செண்பகவல்லியிடம் வந்தாள்.

"தாம்பரம் ட்ரெயினுக்கு எப்படிம்மா போகணும்? வருஷக்கணக்கா போன வழி, சுத்தமா ஞாபகம் இல்ல. ரெண்டு நாளா ஆட்டோலதான் வந்து போறேன். அதுல தெரிஞ்சவங்க யாரோ இருந்தாங்கன்னு மட்டும் தோணுது."

செண்பகவல்லி வழியைத் தெளிவாகச் சொன்னாள். எந்தப் பெட்டியில் ஏற வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.