கப்பல் கூட்டாளி

“நாலு மாசம் கப்பல்லயே நாடு நாடாப் போய்ப் படிக்கிற படிப்புன்னு சொன்னதாலதான் விட்டேன். அங்க போய் ஒரு பையனோட பழக்கமா?” வாசலை மறித்து நின்றார் அருண்பிரகாஷ்.

“ஒரே வகுப்புல இருந்தோம்லா. பழகாம கடல்லயா குதிக்கிறது?” தேனு தலைக்கவசத்தைக் கையில் எடுத்தாள். “இன்னைக்குக் கப்பல் கூட்டாளிங்க எல்லாரும் பாகான் டத்தோவுல கூடுறாங்க. நான் போகணும்.”

“அவன் மோட்டார்ல பின்னாடி உட்கார்ந்து போனா ஈப்போவே பேசும். நான் கடையில உட்கார வேணாமா?”

“பேசட்டும். அதைக் கேட்கவாவது கடைக்கு நாலு பேரு வருவாங்க.”

“சரி, நானே கார்ல கொண்டுபோய் விடுறேன்.”

“வேணாம்.”

“கார்ல பின்னாடியாவது வாரேன்.”

“பேரமெல்லாம் கடையோட வச்சுக்க. நான் மோட்டார்லதான் போறேன்.”

வெளியே மோட்டார் வந்து நின்றது. இருபது வயதுப் பவித்ரன் இறங்கி, பணிவாகக் கைகூப்பினான்.

“வணக்கம் அங்கிள். தேனு ரெடியா?”

அருண்பிரகாஷுக்கு முகம் சிவந்தது. “டேய், எங்கம்மாவைப் பேர் சொல்லியா கூப்பிடுற?”

அறுபத்தெட்டு வயதுத் தேனம்மை மகனை விலக்கிவிட்டுப் போய் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தாள்.

“நான் அவனுக்குக் கூட்டாளி, பேர் சொல்றான். உன்னைத்தான் வயசானவர்னு மதிச்சு வணக்கம் சொன்னான். முதல்ல அதுக்குப் பதில் சொல்லு.”