சம்பந்தி கேட்ட கார்

“கையை எடுடா வண்டியில இருந்து.”

பெரியவர் வீசிய ஸ்பேனர் மெக்கானிக்கின் காலருகே சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

மெக்கானிக் நிமிர்ந்தான். பழைய காரின் பானெட் திறந்து கிடந்தது. கரியும் எண்ணெயும் படிந்த எஞ்சின் மேல், காற்றையும் பெட்ரோலையும் உள்ளே பிரித்து அனுப்பும் மேனிஃபோல்ட் மட்டும் புத்தம்புது அலுமினியமாகப் பளபளத்தது. நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி இறுக்கி வந்தவன், கடைசி போல்ட்டில் இருந்தான்.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து பெரியவரின் மகன் ஓடிவந்தான். பின்னாலேயே அவனுடைய மாமனார். காரை எடுத்துப்போக வந்திருந்தவர் அவர்தான்.

அது பெரியவரின் அப்பா வாங்கிய கார். சம்பந்தியின் ஷெட்டில் நிற்கும் பழைய கார்கள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே, ஒரு திருகுகூட மாறாதவை. அந்த வரிசையில் இதையும் நிறுத்த ஆசைப்பட்டு, போன மாதம் நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். “எடுத்துக்கோங்க” என்றார் பெரியவர். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது அந்தக் குடும்பத்தில் கிடையாது.

“என்னப்பா ஆச்சு?” என்றான் மகன்.

“கண்ணைத் திறந்து பாரு. எங்கப்பா காலத்து இரும்பைக் கழட்டிட்டு, எந்தக் கடையிலயோ வாங்கின அலுமினியத்தை மாட்டி வச்சிருக்கான்.”

சம்பந்தி குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. “ஏம்ப்பா, இது கம்பெனி சாமானே இல்லையே.”

“வெளிச்சாமான்தாங்க. எடை கம்மி, காத்து நல்லா இழுக்கும். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்.”

“பிச்சுக்கிட்டுப் போக இது என்ன பந்தயக் குதிரையாடா?” என்றார் பெரியவர்.

மகன் பல்லைக் கடித்தான். “யாரைக் கேட்டு மாத்தின? யாரு சொன்னது உனக்கு?”

மெக்கானிக் வாய் திறப்பதற்குள் பெரியவர் இருவருக்கும் நடுவே வந்து நின்றார். “அவன்கிட்ட என்னடா விசாரணை? பழசு எங்கேன்னு கேளு.”

“கீறல் விட்டிருந்துச்சுங்க. பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்.”

பெரியவரின் குரல் தெருக்கோடி வரை போயிற்று. “எங்க குடும்ப மானத்தை எடைக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறியா? மூளை இருக்கிற இடத்துல கிரீஸைத் திணிச்சு வச்சிருக்கியா? உன்னை நம்பி வண்டியை விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். சம்பந்தி முகத்துல இனி எப்படிடா முழிப்பேன்?”

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. பெரியவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சம்பந்தியிடம் நீட்டினார்.

“நான் சொன்னது சொன்னதுதான் சம்பந்தி. இப்பவே எடுத்துட்டுப் போங்க.”

சம்பந்தி சாவியைத் தொடவில்லை. “வேண்டாம் சம்பந்தி. மனசுல வச்சுக்காதீங்க. மாத்தின வண்டியை என் ஷெட்டுல நிறுத்தினா பாக்கிறவன் சிரிப்பான்.”

“வேற பழசு தேடிப் பாக்கலாமே மாமா,” என்றான் மகன்.

“எங்கேயாவது தேடிப் பிடிச்சு மாட்டினாலும், இந்த எஞ்சினோட வந்தது ஆகுமா மாப்பிள்ளை? விடுங்க. உங்கப்பா மேல எந்தத் தப்பும் இல்லை.”

அவர் போகும்வரை பெரியவர் தலைகுனிந்தே நின்றார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பினார். “இன்னும் என்ன வேடிக்கை? இந்தத் தெருவுல இனி உன் தலை தெரியக் கூடாது.”

மெக்கானிக் சாமான்களை வாரிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சாயங்காலம் பெரியவர் அவனுடைய பட்டறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். தெருவை இருபக்கமும் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். உள்ளே வேறு யாரும் இல்லை.

மெக்கானிக் ஸ்டூலைத் துணியால் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

“பழசு பத்திரமா இருக்குங்க ஐயா. ஆனா, பேசி வச்சதுக்கு மேல நாலு வார்த்தை கூடவே திட்டிட்டீங்க.”