வெள்ளைக் கட்டங்கள்

காலை வெயில் சுவரில் ஒட்டிய பெரிய அட்டவணைமேல் சாய்ந்து கிடக்கிறது. அந்த அலுவலகத்தில் உருவாக்கும் ப்ராசஸர் என்ற கணினிச் சில்லுக்கான கட்டளைகள் எல்லாம் அதில் வண்ணக் கட்டங்களாக இருக்கின்றன. ஓரத்தில் சில கட்டங்கள் மட்டும் வெள்ளை, இன்னும் எந்தக் கட்டளைக்கும் ஒதுக்காதவை. வடிவமைப்பாளர் அவற்றை விரலால் தடவிப் பார்க்கிறார். காது கேட்கும் கருவி செய்பவர்கள், இரைச்சலைக் குறைக்கப் புதிதாக ஒரு கட்டளை வேண்டும் என்று இன்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு இடம் இருக்கிறது. அட்டவணையை முதலில் வரைந்த அன்றே அவர் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடத்தான் பார்த்தார். கட்டளைகளை இயந்திர எண்களாக மாற்றும் மென்பொருளை எழுதுகிறவள்தான் ஒற்றைக் காலில் நின்று தடுத்தாள். இதோ, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அன்னைக்கு நீ விட்டுக்கொடுத்திருந்தா, இப்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்மா” என்கிறார்.

“ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களே சார்!” அவள் சிரித்தபடி கீபோர்டை இழுக்கிறாள். “சரி, பேரு சொல்லுங்க. சேர்த்துடறேன்.”

இத்தனை கட்டளைகளுக்கும் பெயர் வைத்தவர் அவர். ஓர் எழுத்தைக்கூட யாரையும் மாற்ற விட்டதில்லை. வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டி, மூடியைக் கழற்றிய பேனாவை அவளிடம் நீட்டுகிறார்.

“நீயே வைம்மா.”

அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. எழுந்து, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்குகிறாள்.