சனி, ஞாயிறு ஓடாதே

"இனிமே சனி, ஞாயிறு நீ ஓட வேண்டாம்" என்றார் பயிற்சியாளர். "என் வீட்டு சைக்கிளை எடுத்துட்டுப் போய்க் காட்டுப் பாதையில ஓட்டு."

தீக்குச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒடிசலான உடம்பைப் பார்த்து மைதானத்தில் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை.

தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் மீட்டர். எடுக்கப்போவது ஒரே ஒருத்தியை. இந்த நேரத்தில் போய் ஓடாதே என்றால்?

முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக வலிக்கிறது என்று அவள்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். மேட்டிலும் பள்ளத்திலும் சைக்கிள் மிதித்தால் மூச்சுக்கும் தொடைக்கும் வேலை இருக்கும், எலும்புக்கு அடி விழாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் அண்ணன் கேட்டதும் சிரித்தான். லாரி ஓட்டுகிறவன். யாரையும் லேசில் நம்பமாட்டான்.

"அந்த ஆளோட பொண்ணும் இதே போட்டியில ஓடுறா இல்ல? அப்புறம் உன்னைக் காட்டுக்கு அனுப்பாம என்ன பண்ணுவார்?"

அதுவரை அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றிய பிறகு வேறெதுவும் தோன்றவில்லை.

ஆனாலும் சைக்கிளை எடுத்தாள். பிடிவாதமாக ஒரு சனிக்கிழமை நெடுந்தூரம் ஓடிப் பார்த்ததில் வலி உயிரை எடுத்துவிட்டது. வேறு வழியில்லை. துணிக்கடை பில் கவுன்டரில் வாரம் முழுக்க நின்று கடுத்த காலோடு, சனியும் ஞாயிறும் விடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புவாள். மர வேர்களில் சக்கரம் தூக்கியடிக்கும். ஈர மண்ணில் சறுக்கி விழுந்து முழங்கையில் தோல் உரிந்தது.

காட்டுப் பாதை பிரிகிற இடத்தில், தார் ரோட்டில், சாரின் மகள் தனியாக ஓடிக்கொண்டிருப்பாள். இவளைக் கண்டதும் கையைத் தூக்குவாள். முதல் வாரம் இவளும் தூக்கினாள். அப்புறமெல்லாம் பார்க்காத மாதிரி பெடலை மிதித்துக்கொண்டு போய்விடுவாள். மகளை ரோட்டில் ஓட விட்டுவிட்டு, என்னைச் சேற்றில் உருள விட்டிருக்கிறாரே என்று வயிறு எரியும்.

நாளாக ஆக வலி விட்டது. தொடையில் இதுவரை இல்லாத வலு ஏறியது. அது சைக்கிள் கொடுத்தது என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. தன் வைராக்கியம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு நாளன்று கடைசிச் சுற்றுகள்வரை சாரின் மகள் முன்னால் போனாள். இவள் விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடினாள். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் முன்னால் போனவளின் கால் இழுத்தது. இரண்டு எட்டு நொண்டினாள், மடங்கி விழுந்தாள். தீக்குச்சி அவளைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டாள்.

பரிசு கொடுத்தவர் நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார். இத்தனை நாள் உள்ளே புகைந்தது அப்போது வாய்வழியாக வந்துவிட்டது.

"பெத்த பொண்ணு ஜெயிக்கணும்னு, அடுத்தவங்க பொண்ணைக் காட்டுல சைக்கிள் ஓட்ட அனுப்பின எங்க சாருக்கும் நன்றி. அப்படியும் நான் ஜெயிச்சுட்டேன்."

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. அண்ணன் விசிலடித்தான். ஓரமாக நின்ற பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தை விட்டு நகர்ந்துபோனார்.

முதலுதவி அறைக்கு வெளியே டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பில் விரிசல் விழுந்துவிட்டதாம். ரொம்ப நாளாக வலியை அடக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாளாம். இனிமேல் போட்டியெல்லாம் சந்தேகம்தானாம்.

கேட்டதும் தீக்குச்சிக்கு மனசு கொஞ்சம் இளகியது. உள்ளே போனாள். சாரின் மகள் காலில் ஐஸ் பையோடு படுத்திருந்தாள்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கப்பா மேலதான் கோபம்" என்றாள்.

அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உனக்கு வலி வந்தப்பவே எனக்கும் வந்துடுச்சு. அப்பாகிட்ட சொன்னேன். வீட்ல இருக்கறது ஒரு சைக்கிள், வார நாள்ல அதுலதான் அப்பா வேலைக்குப் போறார், இன்னொண்ணு வாங்க வழியில்ல. சனிக்கிழமை அவ ஓட்டட்டும், ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்னு கெஞ்சினேன். பங்கு போட்டா ரெண்டு பேருமே தேற மாட்டீங்கன்னுட்டார். ஜெயிக்கக்கூடியவ அவதான், நீ இந்த வருஷத்தை விட்டுடுன்னார். எனக்கு விட மனசு வரல. அவர் பேச்சை மீறித்தான் ஓடினேன்."

தீக்குச்சியின் கையில் பதக்கம் கனத்தது.

"ஸ்பீக்கர் இங்கதான் இருக்கு. நீ பேசினது எல்லாம் கேட்டுச்சு" என்றாள் சாரின் மகள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ சொன்ன மாதிரி ஒரு அப்பா எனக்கு இருந்திருக்கலாம்."