மாப்பிள்ளை மாட்டிய டிரைவ்

"மாப்பிள்ளை, கேபிளைத் தலைகீழா சொருகியிருக்கீங்க! அதான் டிரைவ்ல லைட்டு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கு."

மெக்கானிக் சொன்னது சமையலறையில் இருந்த அவர் தங்கைக்கு மட்டுமில்லை, எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். வேண்டுமென்றேதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

பின்னே? மூன்று வருஷத்துக்கு முன்னால் சொந்தபந்தம் அத்தனை பேர் எதிரிலும், "ஸ்க்ரூ திருகறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று கேட்ட வாயாயிற்றே மாப்பிள்ளையின் வாய். "இனி உங்க வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று அன்றைக்குக் கிளம்பியவர்தான் மெக்கானிக். தங்கை போனில் அழுது பார்த்தாள். அவர் மசியவில்லை. மாப்பிள்ளையும் மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை.

அப்படிப்பட்ட மாப்பிள்ளை இந்த ஞாயிறு காலையில் தானாகவே போன் பண்ணினார்.

"மச்சான், ஆசைப்பட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினேன். முப்பத்தஞ்சு வருஷத்துப் பெட்டி. அதுல பிளாப்பி டிரைவ் செத்துப்போச்சு. வேற டிரைவ் வாங்கி மாட்டினா ஓடமாட்டேங்குது. எனக்கு இந்த ஸ்க்ரூ வேலையெல்லாம் எங்க வருது? நீங்கதான் வந்து பார்க்கணும்."

மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. மூன்று வருஷத்து வைராக்கியத்தைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

கேபிளைத் திருப்பிப் போட்டதும் டிரைவ் கரகரவென்று ஓடியது. தங்கை சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று வழியை மறித்தாள். அவர் வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போன்.

"இன்னொரு பெட்டி வாங்கித் தொலைச்சுட்டேன் மச்சான். டிரைவ் இருக்கறதே அதுக்குத் தெரியல."

டிரைவின் பின்பக்கம் அரிசி அளவில் ஒரு கிளிப் உண்டு. இது முதல் டிரைவா, இரண்டாவதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். பழைய பெட்டிக்கு, அது சொருகியிருக்கும் ஊசிமுள்ளிலிருந்து ஒரு முள் தள்ளிப் போட்டால் போதும். மெக்கானிக் ஒரு நிமிஷத்தில் போட்டார். பேச்சு மட்டும் ஒரு மணி நேரம் நீண்டது.

"ஆபீசுல நூறு பேரை மேய்க்கறீங்க. ஒரு குட்டி கிளிப்பு உங்களுக்கு அடங்கலையே மாப்பிள்ளை!"

"அதுக்கெல்லாம் ஒரு கை ராசி வேணும் மச்சான்" என்று மாப்பிள்ளை அசடு வழிந்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மூன்றாவது ஞாயிறு.

"மறுபடி ஒரு டிரைவ் வாங்கினேன். பிளாப்பி உள்ளேயே போகமாட்டேங்குது மச்சான்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். டிரைவின் வாயில், கடைக்காரர் வைத்து அனுப்பிய பேக்கிங் அட்டை அப்படியே இருந்தது.

"அட்டையைக்கூட உருவலையா! ஆள் உட்கார்ந்திருக்கற நாற்காலியில இன்னொருத்தர் எப்படி மாப்பிள்ளை உட்காருவாரு?" விழுந்து விழுந்து சிரித்ததில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "சரி, ஸ்க்ரூ டிரைவரையாவது எடுத்துட்டு வாங்க. அது எப்படி இருக்கும்னு தெரியுமில்ல?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே உள்ளறைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. மெக்கானிக்கே போய்க் கதவைத் திறந்தார்.

போர்வையில் சுற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரை அணைத்துப் பிடித்தபடி ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"டிரைவ் மாத்திக் கொடுக்கற சார் வீடு இதுதானே?"

நம் புகழ் அதற்குள் இந்தத் தெருவரைக்கும் வந்துவிட்டதா என்று மெக்கானிக்கின் மனசு குளிர்ந்துபோயிற்று. "நான்தான்மா. சொல்லுங்க."

"நீங்க இல்லையே. அவர் ஒல்லியா, உயரமா, கண்ணாடி போட்டிருப்பாரே."

"அவரா? அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"அவருக்கா தெரியாது! ரெண்டு வருஷமா எங்க பழைய கம்ப்யூட்டர் குழுவுல எல்லாருக்கும் அவர்தான் மாட்டித் தர்றாரு. கண்ணைக் கட்டிவிட்டாக்கூட மாட்டிடுவாரு. போன மாசம் எங்களுக்கு வகுப்பே எடுத்தாரே! கேபிளைத் தலைகீழா சொருகாதீங்க, கிளிப்பைத் தள்ளிப் போட மறக்காதீங்க, பேக்கிங் அட்டையை மொதல்ல உருவுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு."

மூன்று ஞாயிறும் தான் அடித்த கிண்டலெல்லாம் மெக்கானிக்கின் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து சுட்டது. அன்றைக்கு வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்த மனுஷர் மூன்று வாரமாக முட்டாள் பட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கண் கலங்கிவிட்டது. இந்த முறை சிரிப்பினால் இல்லை.

"இன்னிக்கு சாருக்கு நேரமில்லைம்மா. நாளைக்கு வாங்க" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"யாரு மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மாப்பிள்ளை.

"வீடு மாறி வந்துட்டாங்க."

மெக்கானிக் உட்கார்ந்து அட்டையை உருவினார். பிளாப்பியைப் போட்டுப் பெட்டியை முடுக்கினார். டிரைவ் கரகரவென்று ஓடியது. திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நின்றன. ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை பார்த்தார், தங்கையும் எட்டிப் பார்த்தாள்.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம், சரியாகலை மாப்பிள்ளை. ரொம்பப் பெரிய கோளாறு. நீங்க ஒண்ணும் கை வெச்சுடாதீங்க, அடுத்த ஞாயித்துக்கிழமையும் நானே வந்து பார்த்துடறேன்."