கட்டிய காசுக்குச் சாப்பாடு

"அந்த நண்டைப் பாதியில விடாதே, வெர்னா. முழுசாச் சாப்பிடு. அப்புறம் சாக்லேட் கேக் சொல்லிக்கலாம்."

பக்கத்து மேசையில் இருந்த புது மணப்பெண் தன் கணவனை முழங்கையால் இடித்தாள். "பாரு, இந்த வயசுலயும் பொண்டாட்டியை எப்படிக் கவனிக்கிறார்."

லோவலின் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தால் திருத்தியிருப்பார். அவர் செய்துகொண்டிருந்தது கவனிப்பு இல்லை, வசூல்.

நெப்ராஸ்காவில் ஆணி, திருகாணிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர் லோவல். எந்த உணவகத்துக்குப் போனாலும் மெனுவை வலது ஓரத்திலிருந்துதான் படிப்பார். விலை பிடித்தால்தான் பார்வை இடது பக்கம் போய்ப் பண்டத்தின் பெயரைத் தேடும். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் வெர்னா வெளியே சாப்பிட்டதெல்லாம் சூப்பும் பாதி சாண்ட்விச்சும்தான்.

ஃப்ளோரிடாவில், கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய விடுதியில் ஒரு வாரம் தங்கலாம் என்று முடிவான அன்றே அவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார். விடுதியில் சாப்பாட்டுக்கு ஒரு திட்டம் இருந்தது. முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் போதும், மூன்று வேளையும் அதிலேயே அடங்கிவிடும்.

"லாபம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். "ஆனா நாம நல்லாச் சாப்பிடணும்."

"நாம ரெண்டு பேரும் கொறிக்கிற ஆளுங்க, லோவல். அவ்வளவு எங்க சாப்பிடப் போறோம்?"

"பசியை நான் பாத்துக்கறேன். ரூம் புக் பண்றப்போ நீ அந்தப் பிளானைப் பாத்துடு."

"சரி, பாத்துடறேன்" என்றாள் வெர்னா.

வந்து இறங்கியதிலிருந்து லோவல் வேறு மனிதர். காலையில் பான்கேக் அடுக்கு, மதியம் விலா எலும்புக் கறி, இரவில் ஸ்டேக். ராட்டினத்துக்கு வெயிலில் வரிசையில் நிற்கும்போதும் அவர் யோசித்தது அடுத்த வேளையைப் பற்றித்தான். பெல்ட்டை முதலில் ஒரு துளை தளர்த்தினார், பிறகு கழற்றிப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். நெஞ்செரிச்சல் மாத்திரை திட்டத்தில் சேராது, தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல்.

வெர்னாவுக்கோ கொண்டாட்டம். "எது வேணும்னாலும் சொல்லு" என்று அவர் வாயால் கேட்பதற்காகவே மெனுவை நிதானமாகப் புரட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். வயிறு கனத்த லோவல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்ப்பவர்களுக்கு அதுவும் அன்பாகத்தான் தெரிந்தது. வெர்னாவும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

இன்று கடைசி இரவு. நண்டு முடிந்து, கேக்கும் முடிந்ததும் பணிப்பெண் வந்து குனிந்தாள்.

"ரூம் கணக்குல சேத்துடட்டுமா, கண்ணு?"

வெர்னா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். லோவல் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டி முடித்த காசுக்குப் பில் எதற்கு? மெனுவில் பார்த்த விலைகளை மட்டும் அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முட்டைத் தட்டின் முன் அந்தக் கூட்டல் முடிந்தது. கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

"வெர்னா, கவுத்துட்டாங்க. இவ்வளவு தின்னும் பிளானுக்குக் கட்டின பணத்தை நாம எட்டவே இல்ல."

"எவ்வளவு குறையுது?"

"இன்னும் ரெண்டு நாள் நண்டு தின்னிருக்கணும்."

"போகட்டும் விடு. நல்லாத்தானே சாப்பிட்டோம்?"

"நல்லாச் சாப்பிட்டதெல்லாம் கணக்குல வராது" என்று லோவல் எழுந்தார். கண்கள் சிவந்திருந்தன. கடையில் யாருக்கும் ஓர் ஆணியைக்கூடச் சும்மா கொடுத்திராத மனிதர், ஒரு விடுதிக்கு வாரி விட்டுவிட்டுப் போவதா?

வெர்னா கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே நின்ற இளம்பெண் புன்னகையோடு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"பெல்ட்டைக் கழட்டி வெச்சிட்டுச் சாப்பிட்டிருக்கேன்மா நான். சாயங்காலத்துல மூச்சு வாங்குது. அதுக்கப்புறமும் நஷ்டம்னா, இது சாப்பாட்டுப் பிளானா, சூதாட்டமா? மிச்சப் பணத்தைத் திருப்பிக் குடுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நியாயமான கேள்வி" என்றார்.

அந்தப் பெண் அறை எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"சார், உங்க ரூம் பேர்ல..."

"நான் சொல்லிக்கறேன்மா" என்று வெர்னா இடையில் வந்து நின்றாள். லோவலின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"உனக்கு ஒரு பைசா நஷ்டமில்ல, லோவல். லாபம்தான்."

"எப்படி லாபம்? கட்டினது அதிகம், தின்னது கம்மி."

"ஒரு வாரமா நீ என் தட்டைப் பாத்தே, விலையைப் பாத்து எதையும் வேண்டாம்னு சொல்லல. அதுக்கு எனக்கு வேற வழி தெரியல."

"என்ன உளர்ற?"

"அந்தப் பிளானை நான் வாங்கவே இல்ல."