வாலில் வெள்ளை

ஜோடியாக வாங்கிய ஃபைட்டர் மீன் இரண்டும் மைநீலம்; குஞ்சுகளும் மூன்று மாதமாக மைநீலம்தான். இன்று காலை ஒன்றின் வாலில் வெள்ளைத் திட்டு.

“பரம்பரையிலயே இருந்திருக்கு. மறைச்சு என் தலையில கட்டிட்டான்,” என்று விற்றவனைத் திட்டித் தீர்த்தான் தனசேகர்.

அவன் மனைவி பானுரேகா கைக்கடிகாரத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டாள். உடம்பெல்லாம் வெளுத்த பெரியம்மாவை அவள் கல்யாணத்துக்கு வரவிடாமல் தடுத்திருந்தார்கள் வீட்டார். போன வாரம் அவள் மணிக்கட்டிலும் கடுகளவு வெளுப்பு. அன்றிலிருந்து தூக்கத்திலும் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதில்லை.

“வித்தவன்கிட்டயே கொண்டுபோய்க் காட்டணும். வலையில பட்டா வாலு கிழிஞ்சிடும், என் கை முரடு. வாட்ச்சக் கழட்டிட்டு ரெண்டு கையாலயும் அள்ளு,” என்றான் தனசேகர்.

பானுரேகா கடிகாரத்தோடு இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டாள். குஞ்சு தானாகவே உள்ளங்கைக்கு வந்தது. தனசேகர் மீனைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.